போயிட்டு வர்றேனுங்க

இப்போதெல்லாம் யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிடுகிறார்கள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால்தான் மகன் வெளியே கிளம்பியது தெரிகிறது. போன வாரம் வீட்டுக்கு வந்த ஒருவர் காபி குடித்தார், போனைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டார். டம்ளரைக் கழுவும்போது எனக்கு மனசு பொருமியது. மரியாதை கெட்ட காலம் என்று வாய்விட்டே சொன்னேன். சொன்ன பிறகு ஏனோ கை நின்றுவிட்டது. மரியாதையில் என்னை யாரும் மிஞ்ச முடியாத காலம் ஒன்று உண்டு. அப்போது எனக்கு ஒன்பது வயது.

எங்கள் ஊர் மண்ணரையில் எதிரும் புதிருமாக எட்டு வீடுகள், நடுவில் இரண்டு சைக்கிள் உரசிக்கொள்ளும் அகலத்தில் ஒரு சந்து. ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் எட்டு வீட்டிலும் தும்மல். அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வெட்டப்போகிற துணியை ஒருமுறை தடவிக்கொடுத்துவிட்டு வெட்டுகிற மனுஷர். வழியில் படுத்திருக்கும் நாயிடமும் "கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்பார். அவர் எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். யார் வீட்டுக்குப் போனாலும், கிளம்பும்போது அவர்கள் முகத்தைப் பார்த்து, போயிட்டு வர்றேனுங்க என்று சொல்ல வேண்டும். அவர்கள் வாங்க என்ற பிறகே வாசலைத் தாண்ட வேண்டும். நான் ரேஷன் கடையிலும் சொன்னேன். ஊசி போட்ட டாக்டரிடமும் சொன்னேன். நீ வராமல் இருந்தால்தான் நல்லது என்று அவர் சிரித்தது எனக்குப் புரியவில்லை.

எதிர் வீட்டு அக்காவும் அவள் புருஷனும் மடத்துக்குளம் பக்கமிருந்து வந்தவர்கள். இரண்டு வீட்டுக்கும் பிடிக்காத கல்யாணம். அவர் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர், அக்கா அதே கம்பெனியில் தைத்ததில் குறை பார்க்கும் செக்கிங் வேலை. ஒரே சைக்கிளில் போய் ஒரே சைக்கிளில் திரும்புவார்கள். ஒருமுறை அவருக்குக் காய்ச்சல் கண்டது. ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அவரை வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

உடலை எடுத்த அன்று சாயங்காலம் அம்மாவும் எங்களோடு இருந்த அத்தையும் துக்கம் கேட்கப் போனபோது என்னையும் கூட்டிப் போனார்கள். ஊரிலிருந்து வந்த சொந்தங்கள் அதற்குள் பஸ் ஏறியிருந்தார்கள். அந்தச் சின்ன அறையில் சுவரோடு சுவராக அக்கா உட்கார்ந்திருந்தாள். பெண்கள் அவள் கையைத் தொட்டார்கள், அழுதார்கள், மூக்கைச் சிந்தினார்கள், பிறகு எழுந்து திரும்பிப் பார்க்காமல் வெளியேறினார்கள். ஒருத்தரும் சொல்லிக்கொள்ளவில்லை. எனக்குத் திகைப்பாக இருந்தது. இத்தனை பெரியவர்கள் ஒரே நாளில் எப்படி மறந்துபோனார்கள்? அம்மா எழுந்தாள், அவளும் மறந்தாள். அத்தையும் அப்படியே. குடும்ப மானம் என் ஒருத்தி கையில் இருந்தது. வாசற்படியில் நின்று, முகத்தைப் பார்த்து, தெளிவாகச் சொன்னேன்.

"போயிட்டு வர்றேனுங்க அக்கா."

சந்தில் செருப்புத் தேடிக்கொண்டிருந்த கால்களெல்லாம் நின்றன. அத்தையின் விரல்கள் என் தோளில் பதிந்தன. உள்ளே அக்கா தலையை நிமிர்த்தினாள். அன்றைக்கு அவள் யாரையாவது நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"வாங்க கண்ணு. நாளைக்கு வர்றீங்களா?"

"வர்றேனுங்க."

வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தை பிடித்துக்கொண்டாள். "எழவு ஊட்டுல நின்னு வர்றேங்கற. இன்னொரு எழவு உழுகோணும்னு வேண்டுதலா உனக்கு?" அம்மா உப்பை எடுத்து என் தலையைச் சுற்றிப் போட்டாள். அப்பா வரட்டும், நியாயம் கிடைக்கும் என்று நான் மூலையில் காத்திருந்தேன். அப்பா எல்லாவற்றையும் கேட்டார். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார்.

"அங்க மட்டும் சொல்லக் கூடாதுங்க கண்ணு. பதினாறு கழியட்டும், அது வரைக்கும் அந்தப் பக்கம் போக வேண்டாமுங்க."

நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டேனே என்று முனகிப் பார்த்தேன். வாசற்படியில் நான் சொன்ன சொல்லைப் பற்றித்தான் வெகுநேரம் பேச்சு நடந்தது. கொடுத்த வாக்கு அந்தப் பேச்சில் வரவேயில்லை. அப்பா மரியாதையாகத்தான் சொல்லியிருந்தார். அதனால் கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் போகும்போது அக்கா வீட்டுக் கதவு திறந்திருந்தது. தலையைக் குனிந்துகொண்டு வேகமாகக் கடந்தேன். திரும்பும்போதும் திறந்திருந்தது. அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும்.

ஏழாம் நாள் அங்கே பூட்டுத் தொங்கியது. எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. இத்தனை நாள் பழகியதற்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகத் தெரியவில்லை பார், என்ன வளர்ப்போ என்று அத்தை சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மாவும் ஆமாம் என்றாள். நானும் தலையாட்டினேன் என்றுதான் ஞாபகம்.

பின்பக்கத்துக் கம்பெனியிலிருந்து பஞ்சு பறந்து வந்து புருவத்தில்கூட ஒட்டிக்கொள்ளும் சந்து அது. பகலிலும் எல்லோரும் கதவைச் சாத்தியே வைத்திருப்போம். இந்த அக்கா மட்டும் எதற்காக இப்படித் திறந்துபோட்டு உட்கார்ந்திருக்கிறாள், வீடெல்லாம் தூசியாகிவிடுமே என்றுதான் அந்த ஆறு நாளும் நான் நினைத்துக்கொண்டு போனேன்.