வெள்ளிக்குள் விழுந்த ஓட்டை

தொழிற்சாலையில் அவளுக்குப் பெயர் வெள்ளிக்காரி. உடம்பில் குந்துமணி வெள்ளி கிடையாது; செய்கிற வேலையால் வந்த பெயர். ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் கலங்களை அங்கே செய்தார்கள். ஓடும்போது எழுநூறு டிகிரிக்குக் காய்கிற கலத்தில் சாதாரணப் பசை எதுவும் நிற்காது. பீங்கான் தகட்டின் விளிம்பில் வெள்ளிக் கலவையைத் தடவி அவள் உலைக்குள் வைப்பாள். அது உருகி, தகட்டையும் எஃகுச் சட்டத்தையும் வாயு கசியாமல் கவ்விக்கொள்ளும்.

அந்தக் கலங்களைப் பக்கத்து அறையில் வாரக்கணக்கில் ஓடவிட்டுப் பார்ப்பது அவள் கணவனின் வேலை. சாப்பாட்டு நேரத்தில் வந்து, "உன் பிள்ளைங்க இன்னைக்கு அழாம இருக்காங்க" என்று கலங்களைச் சொல்வான்.

ஒரு மத்தியானம் கலங்களின் ஓர் அடுக்கில் மின்சாரம் குறைந்தது. என்னவென்று குனிந்து பார்த்தான். கசிந்த ஹைட்ரஜன் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. பகல் வெளிச்சத்தில் அந்தத் தீ கண்ணுக்குத் தெரியாது. அதற்குள்ளேயே முகத்தைக் கொடுத்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் கட்டுகளுக்குள்ளிருந்து, எது கசிந்தது என்று கேட்டான். குழாய் என்று பொய் சொன்னாள். "அப்ப சரி" என்றான். புண்ணில் சீழ் வைத்து, காய்ச்சல் இறங்காமலே போய்ச் சேர்ந்தான்.

வராந்தாவில் மாமியார் அவளிடம் கேட்டது ஒன்றுதான்: "ஒட்டினது நீதானே?"

காரியமெல்லாம் முடிந்த பிறகு இன்ஜினியர் அவளை அழைத்து, கசிந்த இணைப்பை வெட்டி நுண்ணோக்கியில் காட்டினார். வெள்ளி முழுக்கப் பொத்தல். ஒரு பக்கம் ஹைட்ரஜனும் மறுபக்கம் ஆக்ஸிஜனும் வெள்ளிக்குள் ஊறி, நடுவில் சந்தித்து நீராவியாகி, உள்ளிருந்தே அதை ஊத வைத்திருந்தன.

"உங்க கைமேல தப்பு இல்லம்மா. வெள்ளியோட குணமே அது."

"முன்னாடியே தெரியுமா சார்?"

அவர் நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தார். "தெரியும். இவ்வளவு சீக்கிரம் வரும்னு நினைக்கல."

வீட்டில் மாமியாரிடம் அப்படியே சொன்னாள். கிழவி இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு, "தெரிஞ்சேவா வெச்சாங்க?" என்றாள். ஒட்டியது யார் என்ற பேச்சு அதன்பின் அந்த வீட்டில் எழவில்லை. வேறு பேச்சும் அதிகம் எழவில்லை.

தொழிற்சாலை ஒட்டுவதற்கு வெள்ளியை விட்டுக் கண்ணாடிக்கு மாறியது. கைப்பழக்கம் உள்ளவள் என்று ஆள் அனுப்பினார்கள். அவள் போகவில்லை. ஒரு சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடிக்கிறாள். அங்கே யாரும் அவளை வெள்ளிக்காரி என்று கூப்பிடுவதில்லை.