போட்டோவில் தாடி, நேரில் மொட்டை

மாலை மரியாதையோடு ஊரே வழியனுப்பி வைத்த மனிதர், நாலைந்து நாளில் திரும்பி வந்து அதே வீட்டு வாசலில் உட்கார்ந்து கரித்தூளில் பல் விளக்கினால் ஊர் என்ன பேசும்? எங்கள் மலைக்கிராமம் கவுஞ்சி அதைத்தான் பேசியது. அதுவும் ஒரு வருஷத்துக்கு மேல் பேசியது. அந்த மனிதர் என் வீட்டுக்காரர். பழனி ஆண்டவரை நம்பியிருக்கிற என் உடன்பிறப்புகளே, அந்த ஒரு வருஷத்தில் நான் பட்ட பாட்டையும், ஆண்டவர் எனக்குச் செய்த உபகாரத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள். இப்போது நானே சிரிக்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் நடந்த சங்கதி இது. என் வீட்டுக்காரர் கோடைக்கானலில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் தோட்ட வேலை பார்த்தார். கோசு, பீன்ஸ், காரட் எதை ஊன்றினாலும் அவர் கைக்கு வரும். துரை பங்களாவை விற்றுவிட்டு மலாயாவுக்குப் போனார். அங்கேயும் நம் ஊர் மாதிரி குளிர்ந்த மலை இருக்கிறதாம். அதில் தேயிலையும் காய்கறியும் போட்டார். காய்கறி மட்டும் சரியாக வரவில்லை. "நீ வா, தோட்டத்துக்கு உன்னை மேஸ்திரி ஆக்குகிறேன்" என்று எழுதிவிட்டார்.

கடுதாசி வந்ததும் காரியம் முடிந்தது என்று நினைத்தோம். எங்களுக்கு என்ன தெரியும்? பூண்டுக்காட்டில் எங்கள் பங்கைக் கொழுந்தனுக்குக் கொடுத்துவிட்டோம். அவனுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. கிடா வெட்டி ஊருக்குச் சோறு போட்டோம். மாலை போட்டு, மேளம் அடித்து, இவரைக் குதிரையில் ஏற்றிக் கோடைக்கானலுக்கு அனுப்பினோம்.

அங்கே விவரம் தெரிந்த ஒரு குமாஸ்தா கடுதாசியைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாராம். வேலை கொடுக்கிறவர் அங்கே மனுப் போட்டுப் பெர்மிட் வாங்க வேண்டும். போகிறவர் இங்கே பாஸ்போர்ட் வாங்க வேண்டும். இரண்டிலும் ஒரே போட்டோ இருக்க வேண்டும். போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து ஆளைப் பார்த்துவிட்டுச் சரி என்று எழுத வேண்டும். அதெல்லாம் ஆன பிறகுதான் கப்பல்.

"அப்ப நான் போட்டுட்டு வந்த மாலை?" என்று இவர் கேட்டாராம்.

"அது வாடிப்போகும்ங்க" என்றாராம் குமாஸ்தா.

சரி, போட்டோ எடுத்தார்கள். அப்போது தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது. இவர் பழனிக்கு விரதம் இருந்தார். விரதம் இருக்கிறவர் கத்தி வைப்பாரா? தலைமுடி தோளைத் தொட்டது, தாடி நெஞ்சைத் தொட்டது. அந்தக் கோலத்திலேயே போட்டோவுக்கு உட்கார்ந்தார். பிறகு தைப்பூசத்துக்கு நடந்தே பழனிக்குப் போய், காரியம் ஜெயிக்க வேண்டும் என்று முடியை இறக்கிவிட்டு, சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு சந்தோஷமாக வீடு வந்து சேர்ந்தார்.

மாசியில் போலீஸ்காரர் வந்தார். பாவம், கீழ்நாட்டு மனிதர். மலை ஏறி மூச்சு வாங்கியது, குளிரில் பல் தந்தியடித்தது. சுக்குக் காப்பி கொடுத்தேன். குடித்துவிட்டு, பையிலிருந்து போட்டோவை எடுத்து என்னிடம் காட்டினார்.

"ஏம்மா, இது யாரு?"

"எங்க வீட்டுக்காரருங்க."

"அப்ப இந்தா நிக்கிறாரே, இவரு யாரு?"

"அவரும் எங்க வீட்டுக்காரருங்க."

போலீஸ்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "சரி, ஒங்க வீட்டுக்காரரு பேரு என்ன?"

இங்கேதான் எனக்குச் சோதனை. புருஷன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று வளர்ந்தவள் நான். அந்தப் பெயரே ஆண்டவர் பெயராக வேறு இருந்ததால் கோயிலில்கூட வாய்விட்டுக் கூப்பிட மாட்டேன். "ஆண்டவரே, ஆண்டவரே" என்பதோடு சரி. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "மலை மேல இருக்கிறவரு பேருங்க" என்றேன்.

"எந்த மலை? இங்க திரும்புன பக்கமெல்லாம் மலையாத்தான கெடக்கு" என்று அவர் எரிந்து விழுந்தார்.

இவரே தன் பெயரைச் சொன்னார். சொல்லி என்ன? "படத்துல சாமியாரு இருக்காரு, நேர்ல மொட்டை இருக்காரு. நான் எப்பிடிங்க கையெழுத்துப் போட? புதுப் போட்டோ குடுங்க" என்று சொல்லி, அப்படியே எழுதிக்கொண்டு போனார். அவர் மேல் தப்பே இல்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

புதுப் போட்டோ எடுத்தோம், மொட்டைத் தலையோடு. அதை மலாயாவுக்கும் அனுப்பினோம், துரை மறுபடி மனுப் போட்டார். அதோடு சும்மா இருந்திருக்கலாம் இல்லையா? என் வீட்டுக்காரருக்குப் பக்தி அதிகம். "போன தடவ வேண்டுதல்ல ஏதோ கொற இருந்திருக்கு" என்று சொல்லி, பெர்மிட் வரும்வரை முடியில் கத்தி படாது என்று புதிதாக நேர்ந்துகொண்டார். காகிதம் மெட்ராசுக்கும் மதுரைக்கும் நடந்தது. தாடி இங்கே வளர்ந்தது. புரட்டாசியில் அதே போலீஸ்காரர் மழையில் நனைந்துகொண்டு வந்தார். பையிலிருந்து மொட்டைத் தலைப் போட்டோவை எடுத்தார். எதிரே தாடியோடு நிற்கிற மனிதரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, நீங்க குடும்பத்தோட என்னய வெச்சு வெளையாடுறீங்களா?" என்றார்.

மூன்றாவது போட்டோ எடுத்தோம், இப்போது தாடியோடு. இதற்குள் துரையிடமிருந்து கடுதாசி வந்தது. சித்திரை வரைதான் பொறுப்பேன், அதற்குள் வராவிட்டால் வேறு ஆளை அமர்த்திக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. காய்கறி யாருக்காகக் காத்திருக்கும்?

அன்றைக்குத்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். காடு கொழுந்தன் கையில். திரும்பக் கொடு என்று எந்த வாயால் கேட்பது? இவர் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் பூண்டு பிடுங்கினார். தண்ணிக்குப் போனால், "மலாயாக்காரி வந்துட்டா, வழி விடுங்கடி" என்பார்கள். நானும் விடாமல், "வாங்கடி, கப்பல்ல எடம் கெடக்கு" என்று பதில் கொடுப்பேன். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுவேன். எனக்கு ஆண்டவர் மேலேயே கோபம் வந்தது. இந்த மனுஷன் உன்னைத் தவிர யாரையும் கும்பிட்டதில்லையே, ஏன் இப்படி இழுத்தடிக்கிறாய் என்று சண்டை போட்டேன்.

மார்கழி முடிந்ததும் இவர் சொன்னார்: "புள்ள, பெர்மிட்டு வரட்டும்னு காத்திருக்கிறதே தப்பு. முடிய முன்னாடியே குடுத்துருவம். ஆண்டவரு மனசு எறங்கும்."

எனக்கும் சரியாகத்தான் பட்டது. பாருங்கள், அப்போதும் எங்கள் இருவருக்கும் புத்தியில் படவில்லை. பள்ளங்கி வழியாகக் காட்டுப்பாதையில் இறங்கிப் பழனிக்குப் போய்ச் சேர்ந்தோம். முடிக் கொட்டகையில் தைப்பூசக் கூட்டம். மறுநாள் காலையில்தான் இடம் கிடைக்கும் என்றார்கள். முடி இறக்காமல் மலை ஏறக்கூடாது என்று இவர் சத்திரத்தில் படுத்துவிட்டார். என்னால் இருக்க முடியவில்லை. நான் மட்டும் சாயங்காலம் படியேறினேன். ஆண்டவர் கிரீடம் வைத்து, பட்டு உடுத்தி, ராஜாவாக நின்றார். "ஒரு வழி காட்டு. என் புத்திக்கு எதுவும் எட்டல" என்று மட்டும் கேட்டேன். வேறு எதையும் கேட்கத் தெம்பில்லை.

விடியும் முன்னே மறுபடி ஏறினேன். காலையில் அவர் ஆண்டிக் கோலம். கோவணமும் தண்டுமாக, ஒன்றும் இல்லாதவராக நிற்கிறார். நேற்று ராஜா, இன்றைக்கு ஆண்டி. அழுகையும் சிரிப்புமாக வந்தது எனக்கு. "நீ காலையில ஒரு வேஷம் சாயந்தரம் ஒரு வேஷம் போடலாம். எந்த வேஷத்துல நின்னாலும் ஊரு ஒலகத்துக்கே ஒன்னயத் தெரியும். எங்க வீட்டுக்காரரு வேஷம் மாத்துனா போலீசுக்காரருக்குத் தெரியலயேப்பா" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

சொன்ன வார்த்தை என் காதிலேயே விழுந்தது. அப்படியே நின்றுவிட்டேன். கீழே கொட்டகையில் இவர் உட்கார்ந்திருப்பாரே! மூன்றாவது போட்டோவில் தாடி இருக்கிறதே! ஐயோ, இந்தத் தடவையும் போச்சா!

ஆண்டவருக்கு ஒரு கும்பிடு போட்டேனா என்றுகூட நினைவில்லை. படியில் ஓடினேன். மலைக்காட்டில் வளர்ந்த கால்கள், நல்ல வேளையாக வழுக்கவில்லை. கொட்டகைக்குள் நுழைந்தபோது, முடி எடுப்பவர் இவர் தலையில் தண்ணீர் தெளித்துத் தேய்த்துவிட்டுக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"கத்திய வெக்காதீங்க! வெக்காதீங்க!" என்று கத்தினேன்.

"ஏத்தா, ஒனக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு?" என்றார் இவர்.

"கிறுக்கு எனக்கில்ல, நம்ம ரெண்டு பேருக்கும்தான் இத்தன நாளா புடிச்சிருந்துச்சு. போட்டோவுல என்ன இருக்கு? தாடி. போலீசுக்காரரு வந்தா எதப் பாப்பாரு?"

இவர் தாடியைத் தடவிப் பார்த்தார். மெதுவாக வாய் திறந்தது. திறந்த வாய் மூடவில்லை.

முடி எடுப்பவர் மட்டும் தலையை ஆட்டினார். "அதெல்லாம் சரிங்க. தண்ணி தெளிச்சாச்சு, ஆண்டவர் பேரச் சொல்லியாச்சு. முடி குடுக்காம எந்திரிச்சுப் போகக் கூடாதுங்க."

அவர் சொன்னது நியாயம். ஆண்டவருக்கு என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகலாமா? இவர் முகம் செத்துவிட்டது. எனக்கு அந்த நேரத்தில் யோசனை எதுவும் ஓடவில்லை. கொண்டையை அவிழ்த்தேன்.

என் முடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், தற்பெருமை என்று நினைக்காதீர்கள். அவிழ்த்துவிட்டால் முழங்காலைத் தொடும். எங்கள் ஊர்க் கல்யாணங்களில் மணப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னே என் பின்னலைப் பார்ப்பார்கள். எனக்கு இருந்த ஒரே அழகு அது.

"எங்க வீட்டுக்காரரு முடிக்குப் பதிலா எம்முடி. எடுத்துக்குவாரா ஆண்டவரு?" என்றேன்.

பக்கத்தில் பிள்ளைக்கு முடி இறக்க வந்திருந்த ஓர் அம்மாள், "வாழுற பொம்பள, மூணு கத்தரி பூமுடி குடுத்தாப் போதும்ல? முழு மொட்டையா?" என்று பதறினார்.

"முழுசாக் குடுக்கிறேன்னு அவரு நேந்தாரு. கொறச்சுக் குடுத்தா நல்லாருக்குமா?" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

"ஆருதுன்னு ஆண்டவரு கேக்கவா போறாரு? உக்காருங்க தாயி" என்றார் முடி எடுப்பவர்.

முதல் கற்றை மடியில் விழுந்தபோது கண் கலங்கியது, பொய் சொல்ல மாட்டேன். நிமிர்ந்து பார்த்தேன். இவர் தாடியெல்லாம் நனைய அழுதுகொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆடாதீங்க தாயி, காது போயிரும்" என்று முடி எடுப்பவர் அதட்டினார்.

மாசி பிறந்ததும் போலீஸ்காரர் மூன்றாம் முறையாக வந்தார். வாசலிலேயே நின்று, கும்பிட்டுக்கொண்டே போட்டோவை எடுத்தார். தாடி. இவரைப் பார்த்தார். தாடி. மறுபடி போட்டோ, மறுபடி இவர். அந்த மனிதரின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. திண்ணமாகக் கையெழுத்துப் போட்டார். பிறகுதான் முக்காட்டுக்குள் என் மொட்டைத் தலையைக் கவனித்தார்.

"ஏம்மா, ஒங்க போட்டோ எதுவும் எங்கிட்ட வராதுல்ல?"

"இப்பதைக்கு வராதுங்க."

"வர்றப்ப முன்கூட்டியே சொல்லிருங்க. நான் வேற ஊருக்கு மாத்திக்கிட்டுப் போயிர்றேன்."

பங்குனி உத்திரத்துக்கு முன்னே பாஸ்போர்ட் வந்தது. அதன் பின்னாலேயே பெர்மிட்டும் வந்தது. இத்தனை நாள் நொண்டிய காகிதம், எங்கள் புத்தி தெளிந்ததும் வெரசாக ஓடி வந்தது. இந்தத் தடவை கிடா இல்லை, மாலை இல்லை. வெள்ளனே எழுந்து, யாரிடமும் சொல்லாமல், தாடியோடு கிளம்பிப் போனார். கப்பலில் ஏறிவிட்டார் என்று தெரிந்த பிறகுதான் நான் தண்ணிக்குப் போன இடத்தில் வாயைத் திறந்தேன். திறந்த வாயை அன்றைக்கு மூடவே இல்லை.

அடுத்த வருஷம் துரை எனக்கும் மனுப் போட்டார். கழுத்துவரை வளர்ந்த முடியோடு போட்டோ எடுத்தேன். அதன் பிறகு ஒரு மயிரைக்கூட வெட்டவில்லை. ஒரே தடவையில் வந்தது.

பினாங்கில் கப்பல் இறங்கியபோது அதிகாரி என் காகிதத்தைப் பார்த்துவிட்டு, ஒரு தமிழ் ஆளை வைத்து, உன்னை அழைத்துப்போக யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரே கூட்டம். தாடியைத் தேடினேன். தாடி வைத்த ஒருவரையும் காணோம். வேலி நெடுக மறுபடி தேடினேன். தெரியாத தேசம், தெரியாத பாஷை. என்னைத் திருப்பி அனுப்பிவிட்டால்? அதுவரை என் வாயில் வராத பெயர், அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது.

"வேலுச்சாமி!"

கூட்டத்தின் நடுவே ஒரு மொட்டைத் தலை சடாரென்று திரும்பியது. நெற்றி நிறைய விபூதி. எனக்குப் பெர்மிட் கிடைத்ததற்கு அங்கே உள்ள ஆண்டவர் கோயிலில் அன்றைக்குக் காலையில்தான் முடி இறக்கினாராம். இந்த மனிதரை என்ன செய்வது, சொல்லுங்கள்! நானும் அந்தப் போலீஸ்காரரைப் போலவே ஏற இறங்கப் பார்த்தேன். பிறகு அழுதேன், அவரும் அழுதார். அதிகாரி சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

இப்போது லீவில் ஊருக்கு வந்திருக்கிறோம். இந்தத் தைப்பூசத்துக்கு இருவரும் மலை ஏறினோம். எனக்கு மறுபடி முடி இடுப்பைத் தொடுகிறது. கொழுந்தன் காடு செழிப்பாக இருக்கிறது, அவனிடம் எதையும் திரும்பக் கேட்க வேண்டி வரவில்லை. எங்களுக்கு வேலை, சோறு, மரியாதை எல்லாம் ஆண்டவர் போட்ட பிச்சை. நான் ராஜ அலங்காரத்தைப் பார்த்தபோது கேட்டேன், அவர் ஆண்டியாக நின்று பதில் சொன்னார். வேறு எப்படிச் சொன்னால் எனக்குப் புரிந்திருக்கும்?

உங்களுக்கும் ஏதாவது காரியம் இழுத்துக்கொண்டே போகலாம். காகிதம் வராமல் இருக்கலாம், ஊர் சிரிக்கலாம். மனம் விட்டுவிடாதீர்கள். அவரோடு சண்டைகூடப் போடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். என்னைப் போல வாயைப் பொத்திக்கொண்டு மட்டும் நிற்காதீர்கள். பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடுங்கள். திரும்பிப் பார்ப்பார்.