ஆர்கெஸ்ட்ராவில் மாமன் வைத்த வணக்கம்

போனது அப்பா, மாமன், நான். அம்மா வரவில்லை, வெள்ளாடு இன்றைக்கோ நாளைக்கோ குட்டி போடுகிற நிலையில் இருந்தது. பாஸ் கொடுத்த தோட்டத்துச் சின்னவரும் வரவில்லை. அப்பா வேலை செய்த தோட்டம் அவர்களுடையது. தனக்கு வந்த பாஸை, "உன்ற மச்சானுக்குப் பாட்டுன்னா உசுராச்சே, கூட்டிட்டுப் போ" என்று அப்பாவிடம் நீட்டிவிட்டு அவர் வேறெங்கோ போய்விட்டார்.

அட்டையில் இருந்தது முழுக்க இங்கிலீஷ். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துப் படியேறியவன் நான் ஒருவன்தான். எழுத்துக்கூட்டிப் படித்ததில் ஒரு சொல் பிடிபட்டது.

"ஆர்கெஸ்ட்ரான்னு போட்டிருக்குதுங்க."

"மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் பேருங்க."

மாமனுக்கு அந்த ஒரு சொல்லே போதுமாக இருந்தது. ஆர்கெஸ்ட்ரா என்றால் எங்கள் ஊருக்குத் தெரிந்தது ஒன்றுதான். மாரியம்மன் நோம்பிக்கு அவிநாசியிலிருந்து ஒரு குழு வேனில் வந்து இறங்கும். சினிமாப் பாட்டுப் பாடும். ஊர்க்காரர் யாராவது கெஞ்சினால் ஒரு பாட்டுக்கு மைக்கைக் கொடுப்பார்கள். வருசா வருசம் அந்த ஒரு பாட்டு மாமனுடையது. அம்மாவின் தம்பியான அவர் கிணறு வெட்டுகிற வேலைக்குப் போகிறவர். ஆனால் கிணற்று மேட்டில் அவர் வாயைத் திறந்தால் பாத்திரம் கழுவுகிற பெண்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். போன நோம்பியில் குழு மாஸ்டர் அவர் தோளைத் தட்டி, "டவுன்ல ஒரு மேடை ஏறிட்டு வாப்பா, உன்னைக் குழுவுல சேத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தார். அதை வெறும் பேச்சென்று மாமன் எடுத்துக்கொள்ளவில்லை. கோயமுத்தூர் மேடை என்றதும் இரண்டு நாள் தண்ணீர்கூடக் காய்ச்சித்தான் குடித்தார்.

அது ஒரு காலேஜ் அரங்கம். மார்கழிக் காலைபோலக் குளிர்ந்தது. மேடையில் கறுப்பு உடுப்புப் போட்டு ஆணும் பெண்ணுமாக வரிசை வரிசையாக வயலின் வைத்திருந்தார்கள். ஒருத்தர் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று குச்சியை ஆட்ட, சத்தமெல்லாம் ஒன்றாக எழுந்து ஒன்றாக அடங்கியது. பாடுகிறவர் யாரையும் காணோம்.

"பாடறவீக இன்னும் வல்லியா?" என்றார் அப்பா.

"இருங்க மச்சா. இப்பத்தான் சுருதி சேக்கறாங்க."

முக்கால் மணி நேரம் சுருதி சேர்த்தார்கள். நடுவில் ஓர் இடத்தில் வாசிப்பு நின்றதும் மாமன் கை தட்டினார். அரங்கத்திலேயே தட்டியது அவர் ஒருத்தர்தான். முன் வரிசைத் தலைகள் எல்லாம் திரும்பின. என் காது இரண்டும் கொதித்தன.

இடைவேளை முடிந்து குடுமி வைத்த இளைஞர் ஒருவர், வயர்கள் தொங்குகிற கீபோர்டும் மெசின்களுமாக வந்து உட்கார்ந்தார். வயலின்களோடு சேர்த்து அவர் கட்டையை அழுத்தினால் நெஞ்சுக்குள் மோட்டார் ஓடியது. பிறகு மைக்கைப் பிடித்து இங்கிலீஷில் ஏதோ கேட்டார்.

"என்ன கேக்கறாரு மாப்ளே?"

எனக்குப் புரிந்தவரை சொன்னேன். "ஆராச்சும் ஒருத்தர் மேல வாங்கன்னு சொல்றாருங்க மாமா. கொரல் வேணுமாமா."

சொல்லி வாயை மூடவில்லை, மாமன் சட்டைக் காலரைச் சரிசெய்தபடி படியேறிக்கொண்டிருந்தார். நோம்பி மேடையில் செய்வதுபோலவே சபையைப் பார்த்துக் கும்பிட்டு, "எல்லாருக்கும் வணக்கமுங்க" என்றார். அடுத்து ஊர் பேர் சொல்ல வாயெடுப்பதற்குள் குடுமிக்காரர் மைக்கை வாங்கிக்கொண்டு மெசினில் எதையோ தட்டினார்.

மெசினிலிருந்து மாமன் பேசினார். "வண வண வண வணக்கமுங்க." ஒரு கட்டையில் குழந்தைக் குரல், அடுத்ததில் கிழவி குரல், அதற்கடுத்ததில் எருமை. கீழே மேளம் இடித்தது. "முங்க முங்க முங்க" என்று குரல் ஏணி ஏறியது. வயலின்காரர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதோடு சேர்ந்து வாசித்தார்கள். அரங்கம் குலுங்கிச் சிரித்தது.

மாமனோ ஒரு கையைக் காதில் வைத்து, காலால் தாளம் போட்டுக்கொண்டு நின்றார். இது பாட்டுக்கு முந்தி வருகிற மியூசிக் என்று நினைத்திருக்கிறார். எந்த இடத்தில் எடுப்பது என்று குடுமிக்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தடவை மூச்சு இழுத்து வாயைத் திறந்தார். இரண்டு தடவையும் மெசின் முந்திக்கொண்டது. நான் காலில் கிடந்த செருப்பைத் தேடுகிறவன்போல நாற்காலிக்கடியில் குனிந்துகொண்டேன்.

வாசிப்பு படாரென்று நின்றது. கைதட்டல் காதைப் பிளந்தது. குடுமிக்காரர் மாமன் கையைக் குலுக்கி, மரியாதையாகவே படிவரைக்கும் கூட்டிவந்து விட்டார். பாட்டுக்கு வைத்திருந்த மூச்சு அப்போதும் மாமனின் நெஞ்சுக்குள் அப்படியே நின்றது எனக்குத் தெரிந்தது.

பஸ்ஸில் மாமன் சொன்னது ஒன்றே ஒன்று. "பாட நேரம் பத்தலையாட்ட இருக்குது."

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. டீக்கடையில், களத்துமேட்டில், பார்த்தவரிடமெல்லாம், "நம்ம மச்சான் கொரலை மெசின்ல புடிச்சுப்போட்டாங்க, கோயமுத்தூரே கை தட்டுச்சு" என்று சொல்லி, "வண வண வண" என்று செய்தும் காட்டினார். ஒரு வாரத்தில் ஊர்ப் பொடிசுகளுக்கு அது பாடமாகிவிட்டது. மாமன் மண்வெட்டியைத் தோளில் போட்டு நடந்தால் பின்னாலேயே வணவண கேட்கும். அவரும் சிரித்தபடியே போவார்.

அடுத்த நோம்பிக்குக் குழு வந்தது. மாஸ்டர் தானாகவே கூப்பிட்டார். "ஏப்பா, டவுன் மேடை ஏறிட்டியாமே! வா, வந்து எடு."

"தொண்டை கட்டியிருக்குதுங்க" என்றார் மாமன்.

நான் நம்பினேன். வீட்டுக்கு ஓடி மிளகு தட்டிப்போட்டு வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கி முழுக்கக் குடித்துவிட்டு, என் தலையில் கை வைத்து, "நான் போய்த் தூங்கறேன் கண்ணு" என்று எழுந்து போனார். அதற்கடுத்த வருசமும் அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. கிணற்று மேட்டிலும் கட்டியிருந்தது.

தம்பியின் பாட்டுச் சத்தம் இல்லாதது அம்மாவுக்கு மட்டும் என்னவோ பொறுக்கவில்லை. ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே, "கோயமுத்தூரு கோயமுத்தூருன்னு போனீங்களே, அதுல அப்படி என்னதான் செலவாச்சுங்க?" என்று அப்பாவிடம் கேட்டாள்.

"பாஸ் சும்மா வந்தது. பஸ்ஸுக்கும் டீக்கும் சேத்தி இருபத்தெட்டு ரூவா. அதுக்கு மேல சல்லிக்காசு ஆகலை" என்றார் அப்பா.

பள்ளிக்கூடத்தில் கணக்கில் முதல் மார்க் நான். இரண்டு முழு டிக்கெட், ஓர் அரை டிக்கெட், போக, வர, மூன்று டீ என்று மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். இருபத்தெட்டுதான், சரியாகவே வந்தது.