ஃபஹ்மியா தனக்காகப் போன நாள்

கண்டக்குழியில் எந்தப் பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் ஃபஹ்மியாவைத்தான் தேடி வருவார்கள். தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு இங்கே வந்தபோது அவள் சிறுமி. வளர்ந்ததும் முந்தல் இறால் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தாள். கூட நின்ற பெண்களிடமிருந்து சிங்களத்தைப் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகு புத்தளம் ஆஸ்பத்திரியின் சிங்கள டாக்டர்களிடம் ஊர்ப் பெண்களுக்காகக் கதைப்பது அவள்தான். அவர்கள் சொல்லக் கூசியதையும் கூசாமல் டாக்டரிடம் சொல்லிவிடுவாள்.

தன் மார்பில் தட்டுப்பட்ட கட்டியை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. மகள் ஸஹ்னாவின் கலியாணம் முடியட்டும் என்று இருந்தாள். முடிந்தபோது கக்கத்திலும் வீங்கியிருந்தது.

அன்று காலையிலேயே குளித்து, முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டையாகத் தேடி எடுத்தாள். கடலிலிருந்து வந்த கணவன் றஸீன் தேத்தண்ணி குடித்துக்கொண்டே கேட்டான்.

“இண்டைக்கு ஆரக் கூட்டிக்கிட்டுப் போற?”

“ஒருத்தரையும் இல்ல. எனக்குத்தான்.”

“உனக்கு என்ன செய்யுது?”

எத்தனையோ பேருக்காகச் சொன்ன சொல், அவன் முன்னால் வரவில்லை. அவன் கையைப் பிடித்துக் கட்டியின் மேல் வைத்தாள். றஸீன் கோப்பையை அப்படியே விட்டுவிட்டுச் சட்டையை மாட்டினான்.

பஸ்ஸில் சொல்ல வேண்டியதைச் சிங்களத்தில் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் ‘எனக்கு’ என்று வராமல் ‘இவவுக்கு’ என்றே தொடங்கியது.

டாக்டர் அவளை அடையாளம் கண்டு சிரித்தார். “இன்றைக்கு யாருக்கு வருத்தம்?”

“எனக்கு” என்றாள். மற்றதெல்லாம் மறந்துபோய் அழுகை வந்தது.

திரைக்குப் பின்னால் சோதித்துவிட்டு வந்த டாக்டர் நிறையச் சொன்னார். றஸீனுக்கு, புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கும் மகரகம என்ற பெயர் மட்டுமே விளங்கியது.

“என்னவாம்?”

வேறொருத்திக்காகச் சொல்வதென்றால் ‘பயப்பட ஒண்டுமில்ல’ என்று தொடங்கியிருப்பாள்.

“புற்றுநோய் போலத்தான் தெரியுதாம். மகரகமவுக்குப் போகட்டாம். பிந்தி வந்துட்டனாம்.”

“உனக்குச் சரியா விளங்கல்ல. இன்னொருக்காக் கேளு.”

அவள் கேட்டாள். டாக்டர் அதையே ஆறுதலாக, மெதுவாகச் சொன்னார். ஃபஹ்மியா அவன் பக்கம் திரும்பினாள்.

“வேணாம். சொல்லாத” என்றான் றஸீன்.

மகரகமவில் வைத்தியம் நடந்தது. அந்த மாதங்களில் அவன் படகைத் தொடவில்லை. தெரிந்த சில சிங்களச் சொற்களோடு வார்ட்டு வாசலில் நின்று, வலிக்கு மருந்து கேட்டுத் தாதிமாரிடம் கெஞ்சினான். மாரிமழை தொடங்குமுன் ஃபஹ்மியா கண்மூடி மௌத்தானாள்.