விழுந்தியா, மாவா?

பேக்கரியில் எல்லோரும் அவளை இடியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சத்தத்தைக் கேட்டு வைத்த பேர் அது. குணமும் அதற்குப் பொருந்திப்போனது தற்செயல்.

நீள ரொட்டிக்கான மாவில் தண்ணீர் தூக்கலாக இருக்கும். மெஷினில் போட்டால் பசை மாதிரி அப்பிக்கொள்ளும் என்பதால் அதை மட்டும் அவள் கையால் பிசைவாள். பிசைவது என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறோம். நாலு கிலோ மாவைத் தோளுக்கு மேல் தூக்கி மேசையில் ஓங்கி அறைவாள். மடித்து, தூக்கி, மறுபடியும் அறைவாள். பக்கத்து மருந்துக் கடையில் இருமல் மருந்து பாட்டில்களெல்லாம் ஒருமுறை ஆடி அடங்கும். கடைசி அறை விழுந்ததும் இரண்டு உள்ளங்கையையும் மாவின் மேல் வைத்து, கண்ணை மூடி, ஒன்றிரண்டு நிமிஷம் அசையாமல் நிற்பாள். மாவு பதமாகிவிட்டதா என்று கை சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் முதலாளி வந்து பேசினாலும் பதில் வராது.

அவளுடைய ஐம்பத்திரண்டாவது பிறந்தநாளுக்கு மகன், தான் வேலை பார்க்கும் ஊரிலிருந்து ஒரு ஸ்மார்ட் வாட்ச் அனுப்பிவைத்தான். வீடியோ காலில் வந்து பெருமையும் பேசினான்.

"அம்மா, இது சாதாரண வாட்ச் இல்ல. நீ எவ்வளவு நடக்கிற, எப்படித் தூங்குற, நெஞ்சு எப்படித் துடிக்குது, ரத்தத்துல ஆக்சிஜன் எவ்வளவு, எல்லாம் பாக்கும்."

"மணி காட்டுமா?"

"காட்டும்மா."

"அப்ப சரி."

முதல் வாரமே வாட்சுக்கும் அவளுக்கும் ஒத்துப்போகவில்லை. காலையிலிருந்து நின்ற கால் மாறாமல் வேலை செய்துவிட்டு, பத்து நிமிஷம் ஸ்டூலில் உட்கார்ந்தால், 'எழுந்து நிற்க நேரம்!' என்று கையில் குத்தும். "நீ பெத்து வளர்த்தியா என்னை?" என்பாள் அதைப் பார்த்து. மாவு பிசையும்போது, 'நீங்கள் படகு வலிப்பது போல் தெரிகிறது, பதிவு செய்யட்டுமா?' என்று கேட்கும். மாவுக்கையால் எதையோ அமுக்கித் தொலைத்தாள். வாரக் கடைசியில் அவள் பதினோரு மணி நேரம் படகு வலித்திருப்பதாகவும், ஒரு கிலோமீட்டர்கூட நகரவில்லை என்றும் கணக்கு வந்தது.

அவள் கணவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். இதயம், ஆக்சிஜன் எதிலும் அவருக்கு அக்கறை இல்லை. சாப்பிடும்போது அவள் மணிக்கட்டைத் தன் பக்கம் திருப்பி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாட்சைப் படிப்பார்.

"'மூச்சு பயிற்சி'ன்னு போட்டிருக்கான். ஒரு ப் முழுங்கிட்டான் பாரு."

"கையை விடுங்க, சோறு ஆறுது."

"தப்பும் தவறுமா எழுதுற சாமான் நெஞ்சுத் துடிப்பை மட்டும் சரியா எண்ணுமா?"

அவர் இப்படிப் பேசப் பேச அவளுடைய துடிப்பு எழுபதிலிருந்து தொண்ணூற்று எட்டுக்கு ஏறியது. அதை வாட்ச் சரியாகத்தான் எண்ணியது.

வாட்சில் இன்னொரு வசதியும் இருந்தது. கட்டியிருப்பவர் பொத்தென்று விழுந்து, அதற்குப் பிறகு அசையாமல் கிடந்தால், 'நலமா?' என்று கேட்கும். ஒரு நிமிஷத்துக்குள் பதில் இல்லையென்றால் நெருங்கிய ஒருவருக்கு, இன்ன இடத்தில் விழுந்துவிட்டார் என்று வரைபடத்தோடு செய்தி அனுப்பிவிடும். யாருக்கு அனுப்புவது என்று வாட்ச் அவளிடம் கேட்கவில்லை. அவள் போனில் ஏற்கெனவே இருந்த அவசர நம்பரை அப்படியே எடுத்துக்கொண்டது. அந்தப் போனை வாங்கிய நாளில் கூடவே போய், 'அவசரத்துக்கு யார்?' என்ற இடத்தில் தன் நம்பரைத் தானே அடித்து வைத்தவள் அவளுடைய தங்கை.

அக்காவும் தங்கையும் பேசி நாலு வருஷம் ஆகியிருந்தது.

தங்கைக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். சொந்தமாக டிரைவிங் ஸ்கூல் திறந்த அன்று, அக்கா நாற்பது ரொட்டி சுட்டுக் கொண்டுபோனாள். வந்தவர்களுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டே தங்கை, "பார்த்துச் சாப்பிடுங்க, டீ இல்லாம தொண்டையில இறங்காது" என்று சிரித்தாள். அக்கா மிச்சமிருந்த முப்பத்தியொரு ரொட்டிகளையும் திரும்பக் கூடையில் அடுக்கினாள். வாசலில் நின்று, "இவகிட்ட ஓட்டக் கத்துக்கிறவங்க முதல்ல உயில் எழுதி வெச்சிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் தெருவில் எதிரெதிரே வந்தால்கூட மேகத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள்.

வாட்ச் கட்டிய ஒன்பதாம் நாள், பிற்பகல் மூன்று மணி. அன்றைக்கு மாவு கொஞ்சம் அடம்பிடித்தது. இடியக்கா வழக்கத்தைவிட ஓங்கி ஒரு கடைசி அறை அறைந்துவிட்டு, உள்ளங்கையை மாவில் பதித்து அசையாமல் நின்றாள். வாட்ச் அதிர்ந்து, நலமா என்று கேட்டது. பிறகு கீச்சுக்கீச்சென்று கத்தியது. பன் மாவு மெஷின் போட்ட இரைச்சலில் அது யார் காதிலும் விழவில்லை.

அந்நேரம் தங்கை, ஒரு பல் டாக்டருக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். போனில் செய்தி வந்தது: 'உங்கள் அக்கா கடின வீழ்ச்சி எடுத்துள்ளார்.' கீழே வரைபடம். தங்கை அதை இரண்டு தரம் படித்தாள்.

"இறங்குங்க" என்றாள்.

"மேடம், இன்னும் சரியா பின்னால போகல..."

"இறங்கி இந்தப் பக்கம் வாங்க டாக்டர்!"

ஒன்பது நிமிஷத்தில் 'எல்' போர்டு மாட்டிய கார் பேக்கரி வாசலில் குறுக்கே நின்றது. தங்கை உள்ளே ஓடிவந்தாள். ஒரு காலில் மட்டும்தான் செருப்பு இருந்தது. பின்னாலேயே பல் டாக்டரும் வந்தார், அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஐயோ அக்கா! போயிட்டியா!"

இடியக்கா மாவிலிருந்து தலையைத் தூக்கினாள். "எங்கடி போறது? ஷிப்ட் ஆறு மணிக்குத்தான் முடியுது."

தங்கை அப்படியே நின்றாள். நாலு வருஷம் பேசாதது ஞாபகம் வந்தது. அழுத கண்ணோடு எப்படி முறைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. போனை நீட்டினாள். இடியக்கா படித்தாள். தன் மணிக்கட்டைப் பார்த்தாள். மாவைப் பார்த்தாள்.

"மாவு அறைஞ்சேன்" என்றாள்.

"மாவா? நான் மூணு சிக்னலைத் தாண்டி வந்திருக்கேன்!"

"நானா கூப்பிட்டேன்? இந்தச் சனியன் கூப்பிட்டிருக்கு."

"உனக்கெல்லாம் எதுக்கு இந்த வாட்சு?"

"போய் என் பிள்ளையைக் கேளு."

அடுப்படியில் நின்ற மாஸ்டர் சத்தம் வராமல் மெஷினை நிறுத்தினார், நல்லாக் கேட்கவேண்டும் என்று. ஆனால் தங்கை அதற்குமேல் நிற்கவில்லை. வாசல் வரை போய், "இனிமே செத்தாலும் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள்.

அன்று மாலை மகன் போனில் சிரித்தான். "அந்த செட்டிங்கை ஆஃப் பண்ணிடலாம்மா. ரெண்டு தட்டு, அவ்வளவுதான்." எங்கே தட்டவேண்டும் என்றும் காட்டினான். இடியக்கா கவனமாகக் கேட்டுக்கொண்டாள். நாளைக்குத் தட்டுகிறேன் என்றாள். பாத்திரம் கழுவும்போது அந்த ஒற்றைச் செருப்பு நினைவுக்கு வந்தது. இன்னொன்று எங்கே விழுந்திருக்கும்? நடுத்தெருவிலா, காரிலேயா? சின்ன வயதில்கூட அவளுக்குச் செருப்பு தங்காது. கழுவிய தட்டையே இன்னொரு முறை கழுவினாள்.

மறுநாள் அவள் எதையும் தட்டவில்லை. மூன்று மணிக்கு மாவை முந்தின நாள் மாதிரியே ஓங்கி அறைந்தாள். நின்றாள். செய்தி போனது. தங்கை வரவில்லை, போன் வந்தது.

"விழுந்தியா, மாவா?"

"மாவு."

வைத்துவிட்டாள்.

அதற்கடுத்த நாளும் அப்படியே. நாலாம் நாள், "மாவு. அங்க மழையா?" என்று இவள் ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்டாள். "தூறுது" என்று பதில் வந்தது. ஒரு மாதத்தில் அது ஏழெட்டு நிமிஷப் பேச்சாக வளர்ந்துவிட்டது. தங்கை தன் நம்பரை எடுத்துவிடச் சொல்லவில்லை. இவளும் நிறுத்தவில்லை. "உன் வாட்சுக்குக் கண்ணு தெரியாதா?" என்று தங்கை தினமும் திட்டுவாள், "உன் மாணவனுங்களுக்குத் தெரியுதா?" என்று இவள் திருப்பித் திட்டுவாள். அடுப்பு மாஸ்டர் மூன்று மணி ஆனதும் மெஷினை நிறுத்திவிட்டு டீ குடிக்க உட்கார்ந்துவிடுவார், நாடகம் பார்க்கிற மாதிரி.

இதற்கு நடுவில் பேக்கரியில் அவளுக்கு வார ஓய்வு நாள் ஒன்று வந்தது. இடியக்கா முகவரி மாற்றும் வேலையாக ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனாள். இந்தக் கவுன்டர் இல்லை, மேல் மாடி என்றார்கள். மேல் மாடியில், கீழே என்றார்கள். கோபத்தில் படியைப் பார்க்காமல் இறங்கினாள். கழுவிவிட்ட ஈரம். கால் வழுக்கி, ஏழு படி உருண்டு, வலது கையை மடித்துக்கொண்டு விழுந்தாள். போன் பையிலிருந்து தெறித்து எங்கோ போனது. மதிய இடைவேளை, ஆள் நடமாட்டமில்லை. இடது கையில் வாட்ச் அதிர்ந்து, நலமா என்று கேட்டது. அதைத் தட்டிப் பதில் சொல்ல வலது கை எழும்பவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அதைத் திட்டாமல் படுத்திருந்தாள்.

செய்தி தங்கைக்குப் போனது. அவள் வழக்கம்போல், இன்றைக்கு என்ன சீக்கிரமே மாவு என்று நினைத்துத்தான் போனை எடுத்தாள். வரைபடத்தைப் பார்த்தாள். புள்ளி பேக்கரியில் இல்லை.

"அந்த ஆபீஸ்ல எவன் மாவு வெச்சிருக்கான்?" என்று வாய்விட்டே கேட்டாள். பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பல் டாக்டர், இந்தக் குரலை ஏற்கெனவே கேட்டவர், தானாகவே இறங்கி இந்தப் பக்கம் வந்தார்.

படிக்கட்டின் அடியில் அக்காவைப் பார்த்ததும் தங்கை கத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு பல் டாக்டரை நிமிர்ந்து பார்த்தாள்.

"பாருங்க டாக்டர்."

"நான் பல்லுக்குத்தான் மேடம்..."

"அதுவும் எலும்பு மாதிரி கெட்டியாத்தான இருக்கு? பாருங்க!"

அவர் மண்டியிட்டுப் பார்த்து, எலும்பு விலகியிருக்கிறது, அசைக்கக் கூடாது என்றார். தன் சட்டையைக் கழற்றிக் கையைக் கட்டினார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது தங்கை அக்காவைப் பிடித்தபடி பின் சீட்டிலேயே ஏறிக்கொண்டாள். சாவியை அவரிடமே கொடுத்தாள். பனியனோடு உட்கார்ந்து, அவர் காரை மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். பின் சீட்டில் அக்கா, தங்கை தோளில் சாய்ந்திருந்தாள்.

"நடந்தே போயிருக்கலாம்டி" என்றாள் அக்கா.

"வாயை மூடு. கிளட்ச் டாக்டர், கிளட்ச்!"

கையில் மாவுக்கட்டு ஏழு வாரம் இருந்தது. மாவுக்கட்டு என்ற பேரைக் கேட்டதும் பேக்கரியில் ஒரு வாரம் சிரித்தார்கள். தங்கை தினமும் காலையில் வந்து தலை வாரிவிட்டாள், இழுத்து இழுத்து. சும்மா உட்கார்ந்திருந்த இடியக்கா வீட்டிலிருந்த எல்லோரையும் வாட்டி எடுத்ததால், கட்டுப் பிரித்த மறுவாரமே தங்கை அவளைப் பிடித்துக் கார் ஸ்டியரிங்கின் முன் உட்கார வைத்தாள்.

இடியக்கா கியரை மாவு அறைகிற மாதிரி போட்டாள். முதல் டெஸ்ட்டில் கியர் கம்பியின் குமிழ் கையோடு வந்துவிட்டது. அதை இன்ஸ்பெக்டரிடமே கொடுத்துவிட்டு இறங்கினாள். இரண்டாம் முறை தேறினாள்.

லைசென்ஸ் வந்த அன்று தங்கை அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "போட்டோவுல ஏன்க்கா இப்படி முறைக்கிற?"

"எதிர்ல நீ நின்னியே" என்று சொல்லி, இடியக்கா அதைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.