செல்லியின் வரி

லூர்தம்மாளின் இடது சுட்டுவிரல் தாளின் பின்பக்கத்தில் ஒரு பள்ளத்தைத் தேடிக் கண்டுபிடிக்க, வலது கையின் குத்தூசி அதே இடத்தில் இறங்கியது. அதிகம் அழுத்தினால் தாள் கிழியும். குறைந்தால் முன்பக்கத்தில் புள்ளி எழும்பாது. ஆறு பெயர்கள் எழுந்துவிட்டன. ஏழாவது வரியில் விரல் மூன்று முறை போய்வந்தது. வழவழவென்று இருந்தது.

1981இல் தர்மபுரியில் பார்வையின்மையின் வரலாறு பற்றி அருங்காட்சியகத்தார் ஒரு கண்காட்சிக்கு ஏற்பாடு செய்தார்கள். பார்வையற்றோருக்காக நடந்து மூடிப்போன ஒரு மிஷன் பள்ளியின் 1938ஆம் ஆண்டுப் பிள்ளைகள் பட்டியல், பிரெயில் புள்ளிகளில் எழுதியது, கிடைத்திருந்தது. சுருங்கிய தாளைச் சரிசெய்ய பைண்டர் ஸ்தனிஸ்லாஸிடம் கொடுத்தார்கள். மாதா கோயில் பதிவேடுகளைத் தைத்துப் பழகியவர் அவர். வழக்கம்போல ஈரம் தடவி இரண்டு நாள் பிரஸ்ஸில் அழுத்தி வைத்தார். தாள் நேரானது. புள்ளிகள் படுத்துவிட்டன.

அந்தப் பழைய எழுத்துமுறை இப்போதைய ஆசிரியர்களுக்குத் தெரியாது. காரிமங்கலத்திலிருந்து லூர்தம்மாளை வரவழைத்தார்கள். அம்மையில் கண் போய், அதே பள்ளியில் படித்து, ஆபீஸ் நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னியே ஐம்பத்து மூன்று வயதுக்கு வந்தவர்.

ஏழாவது பெயர் செல்லி. சித்தேரி மலையிலிருந்து வந்து, லூர்தம்மாளுக்குப் பக்கத்துப் பாயில் படுத்தவள். அந்த வருஷமே காய்ச்சலில் இறந்தாள். இந்தத் தாளைத் தவிர வேறெங்கும் அவள் பெயர் எழுதப்பட்டதில்லை.

தாளை எடுத்துப்போக வந்த ஜீப் ஸ்தனிஸ்லாஸின் பட்டறை வாசலில் நின்றது. அருங்காட்சியக அதிகாரி இரண்டாம் முறை எட்டிப் பார்த்து, பெயர்தான் தெரியுமே, புதிதாகக் குத்திவிடலாமே என்றார். லூர்தம்மாள் மறுத்தார். இருந்ததை எழுப்பலாம், இல்லாததை எழுதினால் தாளே பொய்யாகிவிடும் என்றார். பிறகு அந்த வரியில் என்ன செய்தீர்கள் என்று ஸ்தனிஸ்லாஸைக் கேட்டார்.

“அங்க பூச்சி அரிச்ச ஓட்டையா இருந்துச்சும்மா. மெல்லிசு தாள் ஒட்டி அடைச்சுட்டேன்.”

ஊசி நின்றது.

“அது பூச்சி இல்லீங்கண்ணா. நானு.”

பத்து வயதில் முதன்முதலாக ஊசி பிடித்த அன்று, டீச்சர் கடைசிப் பெயரான செல்லியை எழுதும்படி லூர்தம்மாளிடம் சொன்னார். பலம் தெரியாத கை, புள்ளிக்குப் புள்ளி தாளைத் துளைத்துவிட்டது. அதற்கு அடியும் வாங்கியது.

ஸ்தனிஸ்லாஸ் ஏழாவது வரிமேல் குனிந்து பார்த்தார்.

“இவ்ளோ வரிசயா அரிக்கற பூச்சி எதுடான்னு நானுந்தான் யோசிச்சேன்.”

ஒட்டியதை எடுக்க ஈரம் வேண்டும். ஈரம் மேலே ஏறினால் எழுப்பிய ஆறு பெயரும் திரும்பப் படுத்துவிடும். ஆறாம் வரிக்குக் கீழே இரும்பு அளவுகோலை வைத்து லூர்தம்மாள் இரு கையாலும் அழுத்திக்கொண்டார். ஸ்தனிஸ்லாஸ் பஞ்சை நனைத்துப் பிழிந்து ஒற்றினார். ஜீப் ஹாரன் அடித்தது. ஒட்டுத்தாள் ஓரத்தில் நெகிழ்ந்தது, நடுவில் விடவில்லை.

“இழுக்காதீங்க. ஊறட்டும்,” என்றார் லூர்தம்மாள்.

ஊறியது. உரிந்தது. ஹாரன் மறுபடி கேட்டது. தாள் காயும்வரை லூர்தம்மாள் அதைத் தொடவில்லை. காய்ந்தபின் விரலை வைத்தார். ஓட்டைக்குப் பின் ஓட்டையாகச் செல்லி இருந்தாள்.

லூர்தம்மாள் சொன்னபடி ஸ்தனிஸ்லாஸ் விவரச் சீட்டு எழுதினார்: முதல் ஆறு பெயர்கள் அழுந்திப்போய் மறுபடி எழுப்பப்பட்டவை, ஏழாவது, எழுதியபடியே.

அதிகாரி ஃபைலைத் திறந்து, உள்ளே வையுங்கள் என்றார். லூர்தம்மாள் தாளை விடவில்லை.

“ஃபைலு வேண்டாங்க சார். மேல எதையும் வெக்காம கையிலயே எடுத்துட்டுப் போங்க.”

அதிகாரி ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினார். உள்ளங்கைகள் விரிந்திருக்கின்றனவா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, லூர்தம்மாள் தாளை அவற்றின்மேல் வைத்தார்.