என் மனைவி இண்டர்வியூவுக்குப் படித்த வைகாசி

எழுபதுகளின் நடுவில், என் மனைவி என்ன வேலை பார்க்கிறாள் என்று எங்கள் தெருவில் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. ‘மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் ஆபீசு’ என்பார்கள். அதற்கு மேல் யாராவது கேட்டால் என்னைக் காட்டிவிடுவார்கள். எனக்கும் அவ்வளவுதான் தெரியும். நான் சின்ன காஞ்சிபுரத்தில் தமிழாசிரியர். கம்ப்யூட்டர் என்பதை எப்படி எழுதுவது என்பதிலேயே எனக்குச் சந்தேகம் இருந்தது.

அவள் கணக்கில் எம்.எஸ்சி. முடித்தவள். மெட்ராஸில் பல கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்குப் போட்டுக்கொடுக்கும் ஒரு ஆபீசில் சேர்ந்து, அங்கேயே புரோகிராம் எழுதப் பழகினாள். விடியும்போது முதல் பஸ் பிடித்தால் இருட்டும்போது திரும்புவாள். எங்களோடு இருந்த என் அம்மா அவளுக்காகக் காலையிலேயே சோறு வடித்துவிடுவாள்.

அந்த வருடம் சித்திரை முடியும் சமயத்தில் ஒரு நாள் வந்ததும் வராததுமாக, அம்பத்தூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையிலிருந்து இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றாள். விண்ணப்பித்ததையே அப்போதுதான் சொன்னாள். அங்கே புதிதாக மெஷின் வாங்குகிறார்கள். அதற்கு சீனியர் புரோகிராமர் வேண்டும். தான் எழுதுவதோடு மற்றவர்கள் எழுதியதையும் பார்த்துத் திருத்தி, எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்கும் வேலை. அவளுக்குத் தெரிந்த வரையில் மெட்ராஸில் அந்த வேலையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். அதை அவள் குறையாகச் சொல்லவில்லை. பஸ் நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

அம்மாதான் முதலில் முடிவெடுத்தாள். இண்டர்வியூ முடியும் வரை மருமகள் அடுப்புப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.

படிக்க வேண்டிய புத்தகம் செங்கல் கனம். அதை ஆபீசை விட்டு வெளியே கொண்டுவர அனுமதியில்லை. சாப்பாட்டு வேளையில் படித்துவிட்டு, திரும்பும் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்ப்பாள். பக்கத்து சீட்டு அம்மாள் ஒருத்தி எந்த ஸ்தோத்திரம் என்று கேட்டாளாம். வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் என்னிடம் சொல்வாள். எனக்குப் புரியாது என்று தெரிந்தேதான் சொன்னாள். எழுதுவது தனக்கு வரும், பிறருக்குச் சொல்வதுதான் இனி வர வேண்டும் என்றாள்.

பிறகு என்னையே மெஷினாக உட்காரவைத்தாள். அம்மாவின் பழைய அஞ்சறைப்பெட்டியைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு அறைக்கும் ஒரு பெயர் வைத்தாள். ஆபீசில் மெஷினுக்குத் துளையிட்ட அட்டைகளில் கணக்கைக் கொடுப்பதுபோல, காலண்டர் தாளைக் கிழித்துச் சின்னச் சின்ன அட்டைகளாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு தொழிலாளியின் பெயரையும் வேலை நேரத்தையும் எழுதினாள். செய்ய வேண்டியதெல்லாம் வரி வரியாக ஒரு தாளில் இருக்கும். ஒரு அட்டையை எடு, அதிலுள்ள எண்ணை இந்த அறையில் போடு, அந்த அறையில் இருப்பதோடு கூட்டு, திரும்ப மேலே போ. அந்த வரிகளின்படி நான் நடக்க வேண்டும்.

எனக்கு அது எளிதாக இல்லை. செய்யுளில் சொல்லாமல் விட்டதை எடுத்துச் சொல்லியே சம்பளம் வாங்குகிறவன் நான். ஒரு வரி குறைந்தால் தானாகவே நிரப்பிக்கொள்வேன். ஒரு தாளில், அறையில் முன்பு போட்ட எண்ணை எடுக்கச் சொல்லி அவள் எழுதியிருக்கவில்லை. நானாக எடுத்து வைத்துவிட்டுப் புது எண்ணைப் போட்டேன்.

“நீங்க புரிஞ்சிக்காதீங்க,” என்றாள். “எழுதியிருக்கிறத மட்டும் செய்ங்க. நான் இன்னா நெனச்சேன்னு மெஷினுக்குத் தெரியாது.”

இப்படியே சில நாள் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடைசி அட்டையையும் முடித்துவிட்டு நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கணக்கு சரியாக வந்திருந்தது. அவள் முகத்தில் மட்டும் திருப்தி இல்லை. ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டாள். அட்டை தீர்ந்துவிட்டதே என்றேன். தாளை என் முன்னால் திருப்பினாள். கடைசி வரியில் ‘அடுத்த அட்டையை எடு’ என்றுதான் இருந்தது. நிறுத்து என்று எங்கேயும் இல்லை.

வேறு யாராக இருந்தாலும் ஒரு வரியைச் சேர்த்துவிட்டு எழுந்திருப்பார்கள். அவள் அன்று பூராவும் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். அட்டை தீர்ந்தால் என்ன, கசங்கி வந்தால் என்ன, எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து இருந்தால் என்ன, பாதியில் கரண்டு போனால் எங்கிருந்து தொடங்குவது? ஒவ்வொன்றுக்கும் என்ன செய்ய வேண்டும் என்று தனித்தனியாக எழுதி, என்னைச் செய்யவைத்துப் பார்த்தாள். நான் தடுமாறிய இடத்திலெல்லாம் குறை தன் எழுத்தில்தான் என்று எடுத்துக்கொண்டு மறுபடி எழுதினாள். சலித்துக்கொண்டதே இல்லை. அவளைக் கல்யாணம் செய்து சில வருடங்கள் ஆகியிருந்தன; அவள் வேலை செய்யும் விதத்தை அப்போதுதான் பார்த்தேன்.

இண்டர்வியூ நாள் கருடசேவையன்று வந்து வாய்த்தது. விடியற்காலை பெருமாள் கருடன்மேல் வரும்போது ஊரே தெருவில் நிற்கும். பஸ் ஊருக்குள் வராது. அம்மாவுக்கு அதைவிடப் பெரிய கவலை புடவை. காஞ்சிபுரத்திலிருந்து போகிறவள் பட்டு கட்டாமல் போவதா என்று வாதாடினாள்.

“பட்டு கட்டிக்கினு போனா கல்யாணத்துக்கு வந்தவன்னு நெனச்சிப்பாங்க அத்தே,” என்று சொல்லிவிட்டு, கஞ்சி போட்ட ஒரு நூல் புடவையைக் கட்டிக்கொண்டாள்.

மெட்ராஸ் ரோட்டில் பஸ் பிடிப்பதற்காக, கூட்டத்துக்கு எதிராக நாங்கள் இருவரும் நடந்தோம். கோயில் பக்கம் போகிறவர்கள் எங்களை வினோதமாகப் பார்த்தார்கள். ஒரு திருப்பத்தில் தூரத்தில் பெருமாளின் குடை தெரிந்தது. அவள் நின்று கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வேகமாக நடந்தாள்.

தொழிற்சாலையில் என்னை வாசல் அருகே ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். உள்ளே நடந்ததைத் திரும்பும்போது பஸ்ஸில் சொன்னாள். மூன்று பேர் கேட்டார்களாம். முதலில் கேட்டதெல்லாம் தெரிந்தவைதான். பலகையில் எழுதிக் காட்டினாள். அப்புறம் ஒருவர், கணக்குகளைச் சேமித்துவைக்கும் டிஸ்க்கைப் பற்றிக் கேட்டார். அவள் ஆபீசில் அட்டையும் டேப்பும்தான். டிஸ்க்கைக் கண்ணால் பார்த்ததில்லை. அதை அப்படியே சொல்லிவிட்டு, அது எப்படி வேலை செய்யும் என்று நீங்கள் சொன்னால், அதற்கு எப்படி எழுதுவேன் என்று நான் சொல்கிறேன் என்றாளாம். அவரும் சொல்லியிருக்கிறார். அங்கேயே நின்று எழுதிக் காட்டியிருக்கிறாள்.

கடைசியில் மூத்த அதிகாரி, மெஷின் இரவிலும் ஓடும், நீங்களோ குடும்பஸ்திரீ, காஞ்சிபுரத்தில் இருக்கிறீர்கள், பாதியில் நின்றால் நான் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டார். இரவில் மெஷின் பக்கத்தில் யார் இருப்பார் என்று இவள் திருப்பிக் கேட்டாள். ஆபரேட்டர் என்றார். அந்த ஆபரேட்டர் யாரையும் கூப்பிடத் தேவையில்லாதபடி, எந்த இடத்தில் நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைப்பது என் வேலையில் ஒரு பகுதி என்றாள். எழுதாத ஒன்று நேர்ந்தால்? மறுநாள் அதையும் சேர்ப்பேன், அதற்காகத்தானே சீனியர் என்று வைக்கிறீர்கள் என்றாள். நீங்கள் எழுதுவது ஆபரேட்டருக்கு விளங்கும் என்பது என்ன நிச்சயம் என்று அவர் விடவில்லை.

“எங்க வீட்டுக்காரர் தமிழ் வாத்தியார், அவரே தப்பில்லாம செஞ்சி காட்டினாருன்னு சொன்னேன்,” என்றாள் என்னிடம். மூன்று பேரும் சிரித்துவிட்டார்களாம். நானும் சிரித்தேன்.

சில வாரம் கழித்துப் பதில் வந்தது. வேலை உண்டு, ஆனால் புரோகிராமர் வேலை. சீனியர் பதவியைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தார்கள். சம்பளம் இப்போது வாங்குவதைவிட அதிகம். அம்மாவும் நானும் போதும் என்று நினைத்தோம், வாய்விட்டும் சொன்னோம். அவள் மறுநாளே பதில் எழுதினாள். தான் வந்தது சீனியர் வேலைக்கு, கேட்ட கேள்விகளும் அந்த வேலைக்கானவை, எந்தக் கேள்விக்குத் தன் பதில் போதவில்லை என்று தெரிவித்தால் இன்னும் படித்துவிட்டு வருவதாக மூன்று வரிகள். கோபமில்லை, கெஞ்சலும் இல்லை.

அதன்பின் பல நாள் சத்தமே இல்லை. தபால்காரர் தெருவில் வந்தாலே நான் வாசலுக்குப் போய் நிற்பேன். அவள் வழக்கம்போல முதல் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தாள். தூங்குவதும் வழக்கம்போலத்தான். அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். தைரியமெல்லாம் இல்லை, பதிலில் குறை இருந்திருந்தால் எழுதியிருப்பார்கள், எழுதவில்லையே என்றாள்.

ஆடி பிறந்து சீனியர் புரோகிராமர் என்றே உத்தரவு வந்தது. அம்மா அதை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும், அந்த இரண்டு சொற்கள் எங்கே இருக்கின்றன என்று காட்டச் சொல்லி விரலால் தொட்டுப் பார்த்தாள். பஸ் மாறி மாறி அம்பத்தூருக்குத் தினமும் போய்வர முடியாது என்பதால் நான் மெட்ராஸ் பக்கம் மாற்றல் கேட்டு மனுப் போட்டேன். பெண்டாட்டி பின்னாலேயே போகிறீரா என்று பள்ளிக்கூடத்தில் சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். ஆமாம் என்றேன். மாற்றல் கிடைத்ததும், ஐப்பசி மழையில் சாமான்களை லாரியில் ஏற்றி, தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டு, மூவரும் புறப்பட்டோம்.